குடும்பச் சூழல் திருப்திகரம்

சிறுதொழில் செய்கிறவன் முன்னேறியே தீர வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கு இருக்கிற அக்கறை, அந்தச் சிறுதொழில் செய்கிறவனுக்கே கிடையாது. அவன் பாட்டுக்குக் கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பான். ஊட்டிக் குளிருக்கு ஈயும் அவ்வளவாக வராது என்பதால் அந்த வேலையும் சரியாக நடக்காது. இப்பேர்ப்பட்டவனைத் தட்டி எழுப்பி, சந்தைப்படுத்தும் வழிவகைகளை எடுத்துரைத்து, வளர்ச்சிப் பாதையில் தள்ளிவிடுவதற்கென்றே ஓர் அலுவலகம் ஏற்படுத்தப்பட்டது. அது முதன்முதலில் தள்ளிவிட்டது இராஜமாணிக்கத்தைத்தான்.

இராஜமாணிக்கம் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொடாதே, உரசாதே, ஓடாதே என்றே பழகிய மனுஷன். ஓய்வுப் பணத்தைப் போட்டு ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் ஒரு சந்தில் சாக்லேட் கடை வைத்தார். முன்னால் கடை, பின்னால் அடுப்படி. செய்வது அவர் மனைவி லீலாவதி. நல்ல கைப்பக்குவம், முந்திரியைத் தாராளமாகப் போடுகிற கை. ருசிக்கு ஒரு குறையும் இல்லை, வாங்கத்தான் ஆளில்லை.

"இந்த சீசன்லயும் ஏவாரம் ஆவலீன்னா கடையப் பூட்டிப் போட்டு ஊட்டுக்கே போயிருலாங்க" என்று லீலாவதி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.  இராஜமாணிக்கத்துக்குக் காசு போவதுகூடப் பெரிதில்லை. மாணிக்கம் கடை வச்சுக் கவுந்துட்டானாமா என்று பழைய ஃபேக்டரி ஆட்கள் பஸ் ஸ்டாப்பில் நின்று பேசுவார்களே, அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் திரு. ஏகநாதன். சிறுதொழில் சந்தைப்படுத்துதல் ஊக்குவிப்பு ஆலோசனை அலுவலர். அதற்கு முன் கீழே கடற்கரையில் ஒரு கருவாட்டுக் கிடங்கைக் கவனித்துக்கொண்டிருந்தவர். கருவாட்டுக்கும் சாக்லேட்டுக்கும் நிறம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று மேலிடத்தில் நினைத்தார்களோ என்னவோ, மலைக்கு மாற்றிவிட்டார்கள். காதை மூடிய கம்பளிக் குல்லாவோடு கடைக்குள் வந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நீங்க என்ன விக்கறீங்க?"

"சாக்லேட்டுங்க."

"அதான் தப்பு. பொருளை விக்கக் கூடாது. அனுபவத்தை விக்கணும்."

"நமக்கு அது பத்தாதுங்க. இப்பத்தான் ஏவாரத்துக்கே வந்திருக்கறமுங்க."

ஏகநாதன் பொறுமைசாலி. சந்தையின் தற்காலப் போக்கை விரிவாக விளக்கினார். சாராம்சம் இதுதான்: ஜனங்களுக்கு இப்போது எல்லாமே வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும். ஆகவே 'ஹோம் மேட் சாக்லேட்' என்று பெரிய எழுத்தில் போர்டு வைக்க வேண்டும். இராஜமாணிக்கத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. கட்டிய பொண்டாட்டி கையால் செய்வது வேறு என்னவாம். காலையிலேயே போர்டு ஏறிவிட்டது.

மத்தியானம் அதே ஏகநாதன் மறுபடி வந்தார். தலையில் குல்லா இல்லை.

"வாங்க சார், போர்டு வச்சாச்சுங்க."

"தெரியுது. நான் இப்ப ஆலோசனை அலுவலர் இல்லை. விளம்பர வாசகச் சரிபார்ப்புப் பிரிவு எனக்குக் கூடுதல் பொறுப்பு. ஹோம் மேட்னு போட்டிருக்கீங்களே, ஹோம் எங்கே?"

"அருவங்காட்டுலங்க."

"இங்கே செய்யறீங்க, வீடு அங்கே இருக்கு. பொய் விளம்பரமாச்சே."

"நீங்கதானுங்க போடச் சொன்னீங்க?"

"அது குல்லா போட்டவர் சொன்னது. அவரோட கருத்துக்கு நான் பொறுப்பில்லை."

அப்படியானால் அருவங்காட்டு வீட்டிலேயே செய்து எடுத்து வந்துவிடுகிறேன் என்றார் இராஜமாணிக்கம். குடியிருப்பில் வியாபார உற்பத்தி கூடாது, விதி இருக்கிறது என்றார் ஏகநாதன். போர்டைக் கழற்றிவிடுகிறேன் என்றார் இராஜமாணிக்கம். அரசு ஆலோசனையின்பேரில் வைத்த போர்டை அந்த ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் கழற்றக் கூடாது, ஆலோசகர் காலையில்தான் வருவார் என்றார் ஏகநாதன்.

"பின்ன என்னதானுங்க பண்றது? போர்டு பொய்யின்னு சீசனுக்கு முந்திக் கடைய மூடச் சொல்லிருவீங்களா?"

ஏகநாதனும் மனுஷர்தான். பையிலிருந்த விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "கடைக்குள்ளே குடியிருக்கக் கூடாதுன்னு விதி இருக்கான்னு பார்த்தேன். இல்லை. அப்படி யாராவது இருப்பாங்கன்னு விதி எழுதினவங்க நினைச்சுப் பார்க்கலை போலிருக்கு."

அன்றிரவே லீலாவதிக்கும் அவருக்கும் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுதுவது மரியாதை இல்லை. முடிவில் அருவங்காட்டு வீட்டைப் பூட்டிவிட்டு, கட்டில், பீரோ, டிவி எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே இருந்த மாமியார் தனபாக்கியத்தையும் ஏற்றி வந்தார்கள். அவருடைய கட்டில் சாக்லேட் தட்டுகளுக்கும் சன்னலுக்கும் நடுவே போடப்பட்டது.

குல்லா இல்லாத ஏகநாதன் வந்து பார்த்தார். முகம் தெளியவில்லை.

"சாமான் இருக்கு, ஆளும் இருக்கு. ஆனா குடும்பச் சூழல் நிலவறதாத் தெரியலையே. லாட்ஜ்லேகூடத்தான் கட்டில் இருக்கு."

"இன்னும் என்னங்க வேணும்?"

"வீடுன்னா அது பார்த்தாலே தெரியணும்."

குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டித் துணி காயப்போட்டார் இராஜமாணிக்கம். மழையும் மூடுபனியுமாக இருந்த வாரம் அது, ஒரு துணியும் காயவில்லை. ஈரப் போர்வை ஒன்று சொட்டிக்கொண்டே இருந்தது. அது நேராகத் தனபாக்கியம் தலையில் சொட்டியது.

"ஏனுங்க மாப்ளே, நல்லாக் கெடந்த ஊட்டப் பூட்டிப் போட்டு என்னையக் கொண்டாந்து சந்துல போட்டிருக்கறீங்களே, இது உங்களுக்கே அடுக்குமா?"

"ஏவாரத்துக்குத்தானுங்க அத்தை. உங்க புள்ள நல்லா இருக்கோணும்னுதான்."

"எம்புள்ள நல்லா இருக்கோணும்னா அன்னிக்கே சேரம்பாடி மாப்பிள்ளைக்குக் குடுத்திருக்கோணும். பாழாப்போன புத்தி எனக்கு."

"குடுத்திருக்க வேண்டீதுதானே. நான் என்ன உங்க ஊட்டு வாசல்ல வந்து தவங் கெடந்தனா?"

லீலாவதி கரண்டியோடு வெளியே வந்து இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்தாள். மறுபடி பார்வையிட வந்திருந்த ஏகநாதன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது, தன் வீட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். 'குடும்பச் சூழல் திருப்திகரமாக நிலவுகிறது' என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். போர்டு பிழைத்தது, கடையும் பிழைத்தது.

மறுநாள் காலையில் அவர் குல்லாவோடு வந்து கைகொடுத்தார். "பிரமாதம். இப்படி ஒரு உண்மையான ஹோம் எந்தக் கடையிலேயும் கிடையாது. இதை ஏன் உள்ளே ஒளிச்சு வைக்கறீங்க? சுவரை எடுத்துட்டுக் கண்ணாடி போடுங்க. ஜனங்க வீட்டைப் பார்க்கட்டும்."

கண்ணாடி போட்டார்கள். சீசனும் வந்தது. மலர்க் கண்காட்சிக்கு வந்த கூட்டத்தில் பாதி அந்தச் சந்துக்குள் நுழைந்தது. இராஜமாணிக்கம் சட்டை மாற்றுவதைக் கும்பகோணத்துக் குடும்பம் ஒன்று பார்த்தது. லீலாவதி தலை வாருவதை எங்கிருந்தோ வந்த கல்லூரிப் பெண்கள் செல்போனில் எடுத்தார்கள். தனபாக்கியம் வெற்றிலை இடிக்கும்போது கைதட்டினார்கள். அடுத்த சண்டை எத்தனை மணிக்கு என்று ஒருவர் விசாரித்துவிட்டுப் போய், சரியான நேரத்துக்குப் பிள்ளைகளோடு வந்தார்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். சாக்லேட் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று ஆசை தீரப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். எங்கே போகிறார்கள் என்பது இராஜமாணிக்கத்துக்குச் சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. எதிர்க்கடை நெல்சனே வந்து சொன்னான். கோயம்புத்தூரிலிருந்து வேனில் சாக்லேட்டை இறக்கி, தங்க நிறத் தாளில் சுற்றி விற்கிறவன் அவன்.

"அண்ணா, ரொம்ப நன்றிங்கண்ணா. உங்க ஊட்டப் பாத்துப்போட்டு எல்லாரும் நேரா எங்கடைக்குத்தான் வர்றாங்க. சரக்கு பத்தலீங்கண்ணா."

பகை இருந்தால் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். நெல்சன் நல்ல பையன், அதனால் அதற்கும் வழியில்லை. இராஜமாணிக்கம் வாசலில் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் ஏகநாதன் மனைவி மக்களோடு எதிர்க்கடையிலிருந்து வெளியே வந்தார். கை நிறைய நெல்சன் கடைப் பெட்டிகள். தலையில் இருந்தது குல்லாவும் இல்லை, வெறுந்தலையும் இல்லை, வெயிலுக்குப் போடும் தொப்பி.

இராஜமாணிக்கத்துக்கு நெஞ்சு கொதித்தது. "என்னங்க சார், நீங்களே இப்பிடிப் பண்ணலாமுங்களா? எங்க ஊட்டையே பேத்துக்கொண்டாந்து இங்க நட்டு வச்சீங்க. ஒரு பொட்டி எங்கிட்ட வாங்கக் கூடாதுங்களா?"

"நான் இப்ப அலுவலர் இல்லைங்க. லீவுல இருக்கேன்" என்றார் ஏகநாதன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. குழந்தைங்க சாப்பிடறது. ஈரத்துணி தொங்குது, பாட்டியம்மா படுத்திருக்காங்க. வீட்ல செஞ்சதைப் போய் எப்படி?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். இராஜமாணிக்கம் பேயறைந்த மாதிரி உள்ளே வந்து மனைவியிடம் முறையிட்டார். "கேட்டயா நாயத்த? ஹோம் மேட்னு எழுதுனாத்தான் வாங்குவாங்களாமா. ஆனா ஊட்ல செஞ்சிருக்கப் படாதாமா. படிச்ச மனுசன் பேசற பேச்சா இது? உன் கைக்கு என்ன கொறைச்சல்?"

 லீலாவதி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கிண்டினாள்.

"ஏனுங்க, போன மாசம் எங்கண்ணன் மகளுக்குச் சீருக்குக் கொண்டுபோனமில்ல, சாக்லேட்டு?"

"ஆமா. சம்பந்தி ஊட்டுக்காரங்கல்லாம் ஓகோன்னு சொன்னாங்களே."

"அது நெல்சங்கடையில வாங்குனதுங்க. நாலு பேரு கூடற எடத்துக்கு, நம்மூட்ல செஞ்சதையா கொண்டுட்டுப் போறது?"