இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க

நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் எடுக்கக்கூடிய மிகப் பெரிய முடிவை நான் எடுத்தேன். இனிமேல் யோசித்துத்தான் படம் எடுப்பது.

கைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் கிடந்தன. பாதியில் என் கட்டைவிரல். மீதியில் யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆகவே ஃபிலிம் போட்டு எடுக்கிற பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை வாங்கினேன். பேட்டரி கிடையாது. திரை கிடையாது. கையில் தூக்கினால் செங்கல்லின் கம்பீரம்.

லென்ஸும் கிடையாது. அதைத் தனியாக வாங்க வேண்டுமாம்.

"சட்டையை வாங்கிட்டு, கையைத் தனியா வாங்குவாங்களா?" என்றாள் மனைவி. அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவளுக்குச் சட்டையாகத்தான் தெரியும்.

எந்த லென்ஸ்? இராப்பகலாகப் படித்தேன். முப்பத்தைந்து மில்லிமீட்டர்தான் மனிதக் கண் பார்க்கிற மாதிரியே பார்க்கும் என்று ஒரு கூட்டம் அடித்துச் சொன்னது. ஐம்பதுதான் மனிதக் கண் என்று இன்னொரு கூட்டம். எனக்கு இருப்பவை இரண்டு கண்கள். இடது முப்பத்தைந்து, வலது ஐம்பது என்றே வைத்துக்கொள்வோம். தொண்ணூறு என்று மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அது எந்தக் கண்? படிக்கப் படிக்க, ஏற்கெனவே தெரிந்ததும் கைநழுவிப் போயிற்று.

கேமராக் கடைக்காரருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"சார், படிக்கிறதை முதல்ல நிறுத்துங்க. மூணையும் எடுத்துட்டுப் போங்க. எடுத்துப் பாருங்க. கை எதைக் கேக்குதோ அதை வாங்கிக்கலாம்."

வாசல் வரை கூடவே வந்தார். "ஆனா கண்ணாடியில விரல் படக்கூடாது. தூசி படக்கூடாது. போன மாதிரியே திரும்பி வரணும்."

என் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தேன்.

இங்கே என் அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டை விட்டு நாங்கள் திரும்பி வந்தபோது அட்டைப்பெட்டிகளும் கூடவே வந்தன. மூன்று வருடமாக அவை என் அறையில் கூரையைத் தொட்டபடி நின்றன. நான் திறக்கவில்லை. திறக்காததால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரியாததைத் தூக்கிப் போட முடியாது. என் பக்கம் தர்க்கம் இருந்தது.

அவள் பக்கம் துணி இருந்தது. சாப்பாட்டு மேஜையில்தான் வெட்டுவாள். நான் சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு அடியில் யாருடைய காலரோ இருக்கும். குழம்பில் ஒரு தடவை குண்டூசி அகப்பட்டது. என் அறையில் துணி வெட்ட ஒரு நீள மேஜை போட வேண்டும் என்று அவள் கேட்கும்போதெல்லாம் நான் சொன்ன பதில், "பாக்கலாம்." அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டே மூன்று வருடம் ஆட்சி நடத்தினேன்.

லென்ஸ்களைச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தேன்.

"எதைப் படம் எடுக்கப் போறீங்க?"

"உன்னைத்தான்."

"என்னையா? எங்க வச்சு?"

"என் ரூம்ல. அங்கதான் ஜன்னல் வெளிச்சம் நல்லா இருக்கு."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அப்ப வாங்க" என்றாள், கல்யாணமான புதிதில் கேட்ட குரலில். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மூலையில் தனியாக ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதில் கண்ணை வைத்தால் நடுவில் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருகி, இரண்டையும் ஒன்றாக்கினால் தூரம் சரியாக அமைந்துவிட்டது என்று அர்த்தம்.

முப்பத்தைந்தை மாட்டிப் பார்த்தேன். இரண்டு மனைவிகள். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். பதறிப்போய்த் திருகினேன். நல்ல வேளை, ஒருத்தியானாள்.

"எவ்வளவு தூரம் காட்டுது?"

"ஒண்ணரை மீட்டர்."

"சரியான்னு பாத்துடுவோம்" என்று முந்தானைக்குள்ளிருந்து ஓர் இரும்பு டேப்பை எடுத்தாள். எங்கள் வீட்டில் இரும்பு டேப் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கேமராவிலிருந்து தன் மூக்கு வரை அளந்தாள். பிறகு மூக்கிலிருந்து பின்சுவர் வரை அளந்தாள்.

"அது எதுக்கு?"

"பின்னணி. அது வேணாமா?"

எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. "வேணும்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்காதீங்க, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்கதானே படிச்சவர்?"

"வேணும்."

இரண்டு பக்கச் சுவர்களையும் அளந்தாள். "இப்ப என்னென்ன தெரியுது?"

"நீ. உன் பின்னாடி ஏழெட்டுப் பெட்டி."

"பழைய பேப்பர் கடையில வேலைக்கு நிக்கிறவ மாதிரியா?"

கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. கலை என்று வந்த பிறகு சமரசம் கூடாது. பெட்டிகளை வெளியே இழுத்தேன். ஒன்று தானே பிரிந்துகொண்டது. உள்ளே எங்கள் வீட்டுச் சுவர் எதிலும் நுழையாத பிளக்குகள், ஒற்றைக் கையுறை, பழைய டெலிபோன் டைரக்டரி. மூன்று வருடம் நான் காவல் காத்த பொக்கிஷம்.

அவள் அந்தக் கையுறையை மட்டும் எடுத்து மாட்டிப் பார்த்தாள். அதுதான் வலித்தது.

அடுத்து ஐம்பது. லென்ஸை மாற்றியதும் சின்ன ஜன்னலுக்குள் படத்தின் எல்லையைக் காட்டும் கட்டமும் சுருங்கியது. அதில் அவள் இடுப்பு வரைதான் அடங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க."

"முடியலை. முதுகுல பெட்டி இடிக்குது."

"பெட்டியை எடுத்துட்டா இடிக்காது."

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் பெட்டிகளும் போயின.

பிறகு தொண்ணூறு. அதற்கு இருந்த இடமே போதவில்லை. என் புத்தக அலமாரி வெளியேறியது. என் நாற்காலி வெளியேறியது. என் மேஜையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஹாலுக்குக் கொண்டுபோனோம். பின்னணி மாறிவிட்டதாம்; டேப்பை எடுத்துச் சுவர்களை மறுபடி அளந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க. இன்னும். வாசப்படி பாத்து."

கடைசியில் நான் ஹாலில் நின்றேன். அவள் அறைக்குள் நின்றாள். இரண்டு மனைவிகளும் அழகாக ஒன்றானார்கள். கிளிக்.

மூன்று லென்ஸிலும் மாற்றி மாற்றி எடுத்ததில் ரோலில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். குழப்பம் மட்டும் அப்படியே இருந்தது. சின்ன ஜன்னலில் பார்த்தவரை முப்பத்தைந்தில் அறை வந்தது, ஐம்பதில் ஆள் வந்தாள், தொண்ணூறில் முகம் வந்தது. மூன்றுமே வேண்டும் போல இருந்தது. எதுவுமே வேண்டாம் போலவும் இருந்தது. மறுநாள் கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். "வீட்டுல கேட்டுப் பாருங்க சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தால் என் அறைக்குள் சுத்தியல் சத்தம். தச்சர் ஒருவர் மண்டியிட்டு ஒரு நீள மேஜைக்குக் கடைசிக் காலைப் பொருத்திக்கொண்டிருந்தார். மேஜை சுவரோடு சுவராக, தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அளவெல்லாம் எப்ப எடுத்தீங்க?"

"நான் எங்க சார் எடுத்தேன்? முன்னாடி ரெண்டு தடவை வந்தேன். ரூமே தெரியலை, பெட்டிதான் தெரிஞ்சுது. நேத்து அம்மா போன்ல சொன்னாங்க. அச்சு பிசகலை. பலகை தயாரா இருந்தது, அறுத்துக் கொண்டாந்துட்டேன்."

அம்மாவைப் பார்த்தேன். அம்மா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பின்னணின்னு சொன்னியே!"

"பின்னணிதான். இந்த மேஜைக்கு."

"என் மேஜை?"

"ஹால்ல போட்டாச்சு. காத்தோட்டமா இருக்கும்."

தச்சர் சிரிப்பை அடக்கக் கருவிப் பைக்குள் எதையோ தேடினார். நான் மிச்சமிருந்த மானத்தைத் திரட்டிக்கொண்டு பேச்சை மாற்றினேன்.

"சரி, எந்த லென்ஸ்தான் வாங்குறது?"

"தொண்ணூறு."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றே?"

"இனிமே ஹால்லேருந்துதானே எடுக்கப் போறீங்க?"

எத்தனையோ பக்கங்கள் படித்தும் எனக்குக் கிடைக்காத விடை. தொண்ணூறுதான் கேமராவில் மாட்டியிருந்தது. எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். வேறு எங்கே போவது? அவள் மேஜை முழுக்க நீலத் துணியை விரித்து, இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்து நின்றாள். வெளிநாட்டை விட்டு வந்த நாளிலிருந்து அப்படி மலர்ந்த முகத்தை நான் பார்த்ததில்லை. தோற்றவன் என்பதை மறந்து கேமராவைத் தூக்கினேன்.

"இருங்க" என்று முடியைச் சரிசெய்துகொண்டாள். "இந்தப் படம் எனக்கு வேணும். நல்லா விழணும்."

"விழும். அசையாதே."

"அப்ப அந்த லென்ஸ் மூடியைக் கழட்டிட்டு எடுங்க."

கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு மூடி. விரலும் தூசியும் படாமல், கடைக்காரருக்குக் கொடுத்த வாக்கை மூன்று லென்ஸிலும் காப்பாற்றியிருந்தேன்.

"நேத்து எடுத்ததெல்லாம்? நீ எதிர்லதானே நின்னே? பாத்தியா?"

"முதல் படத்துலயே பாத்தேன்" என்றாள். "அதெல்லாம் ரூமைக் காலி பண்ண எடுத்த படம்தானே? அதுக்கு எதுக்கு மூடியைக் கழட்டணும்?"