வாலே என்றொரு சொல்

அன்புள்ள வெரிட்டி அக்காவுக்கு,

நீ நலமென்றால் நல்லது, நானும் நலமே. ரோமர்கள் கடிதத்தை இப்படித்தான் தொடங்குவார்களாம். முதல் பாதியை மனதார எழுதுகிறேன். இரண்டாம் பாதிக்குக் கொஞ்சம் பொறு.

திங்கட்கிழமை தொலைபேசியில் அழுதுகொண்டே, பின்னறையில் எனக்குக் கட்டில் போடச் சொன்னேன் அல்லவா? நடந்தது இதுதான். என் முதல் லத்தீன் கட்டுரைக்கான மதிப்புரைத் தாள் வந்தது. இங்கே தாளில் பெயர் இருக்காது, தேர்வு எண் மட்டும்தான். எங்கள் லத்தீன் பேராசிரியர் டாக்டர் பென்ஹாலிகனின் கையெழுத்தைக் கோழி கிளறினாற்போல என்று சொன்னால் கோழி கோபித்துக்கொள்ளும். கடைசிச் சொல் மட்டும்தான் புரிந்தது: வாலே. அகராதியைப் புரட்டினேன். 'விடைபெறு, போய் வா. கல்லறைகளிலும் பொறிக்கப்படும்' என்று போட்டிருந்தது. நாற்பத்தாறு வயதில் நகராட்சி வேலையை விட்டுவிட்டு முதுகலை படிக்க வந்தவளை, முதல் கட்டுரையிலேயே ஒற்றைச் சொல்லில் அனுப்பிவிட்டாரே! அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யாராவது போகச் சொல்வார்கள் என்று முதல் நாளிலிருந்தே காத்திருந்தேன் போலிருக்கிறது, சொன்னதும் நம்பிவிட்டேன். புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன், நூலகத்தில் என் மேசையையும் அறையிலிருந்த தேநீர்க் கெண்டியையும் வகுப்புத் தோழி ஜெசமிக்குத் தானம் செய்தேன், பிறகு மாணவர் உதவி அறைக்குப் போனேன்.

அங்கே மிஸஸ் ஓல்ட்ராய்டு. "என்ன கண்ணு, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"வாலேன்னு எழுதிட்டாங்க. கல்லறையில எழுதுவாங்களே, அது."

"ஐயோ, என் தங்கமே! எப்ப?"

"திங்கட்கிழமை."

"திடீர்னா?"

"ரொம்பத் திடீர்னு."

அந்த அம்மாள் என்னை இறுகக் கட்டிக்கொண்டு, தேநீரில் சர்க்கரையை அள்ளிக் கொட்டி, அடுத்த கட்டுரைக்குக் கூடுதல் அவகாசம் வாங்கித் தந்து, துயரத்தில் இருப்பவர்களுக்கான ஆலோசகரிடம் நேரமும் குறித்துவிட்டார். போகிறவளுக்கு அவகாசம் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் மாடிப்படியில் என்னைக் கண்டவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள். என் கதவடியில் யாரோ, துக்க வீட்டுக்குக் கொடுப்பதுபோல, கோழிக்கறி அடைத்துச் சுட்ட பலகாரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சாப்பிட்டேன் அக்கா, பொய் சொல்வானேன், அருமையாக இருந்தது.

நேற்று கதவு தட்டப்பட்டது. டாக்டர் பென்ஹாலிகனே, நனைந்த கோட்டும் வெள்ளை லில்லிப் பூக்களுமாக.

"ரொம்ப வருத்தமா இருக்கு, ஹெஸ்டர். யாரு தவறிட்டாங்க?"

"நான்தான், சார்."

மனிதர் பூங்கொத்தோடு கதவில் சாய்ந்துவிட்டார்.

"நீங்கதானே வாலேன்னு எழுதினீங்க?" என்று தாளை நீட்டினேன்.

"அடக் கடவுளே! அது 'உடம்பைப் பாத்துக்கோ'ன்னு அர்த்தம்மா! ரோமர்கள் எந்தக் கடிதத்தையும் அப்படித்தான் முடிப்பாங்க. நான் பால்காரருக்குச் சீட்டு எழுதி வெச்சாக்கூட..." சட்டென்று நிறுத்திவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "அதான் மனுஷன் இப்பல்லாம் பாலே போடறதில்லையா?"

பிறகு தன் கிறுக்கலைத் தானே தட்டுத்தடுமாறிப் படித்துச் சொன்னார்: நல்ல கட்டுரை, இலக்கணம் சுத்தம், தொடர்ந்து எழுதவும். அக்கா, இந்த யார்க்ஷயர் மழையில் ஒரு நிமிடம் வெயில் அடித்தது. ஆகவே நான் வரவில்லை. கட்டிலை மடித்துவிடு. "செத்த மொழியைக் கட்டிக்கிட்டு அழப் போறியா?" என்று கேட்டாயே, அந்த மொழிதான் என்னை நல்லா இருன்னு வாழ்த்தியிருக்கு, தெரியுமா!

அத்தானுக்கு என் அன்பு. அவருடைய முழங்கால் குணமாகட்டும், தோட்டத்து லீக் வெங்காயம் செழிக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். அதாவது,

வாலே,
ஹெஸ்டர்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஜெசமி கெண்டியோடு வந்தாள். கையில் ஒரு தாள். "இது உங்க நம்பர்தானே ஹெஸ்டர்? தாள் மாறி வந்திருச்சு போல." என் எண்தான். என்னிடம் இருந்தது அவளுடையது. இதில் லத்தீனே இல்லை. கொட்டை எழுத்தில், பச்சை ஆங்கிலத்தில், யாருக்கும் புரியும்படி எழுதியிருக்கிறார்: "உடனே என்னை வந்து பாருங்கள்." கட்டிலை மடிக்காதே.