தங்கள் மகனின் நான்கு ப்ராசசர்கள் குறித்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் குடைக் கடையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அனைவரும் நலம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். எவ்வளவு தூரம் நலம் என்பது போகப் போகத் தங்களுக்கே விளங்கும். என் மகளுக்கு எட்டாவது மாதம் நடக்கிறது, தாயும் சேயும் நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார், அது மட்டும் கலப்படமில்லாத நல்ல செய்தி. போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். இப்போதெல்லாம் எங்கள் வீட்டிலிருந்து யாருக்குப் போன் செய்தாலும், "விமான நிலையத்துலயா இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். ஆகவே கடிதம்.

விஷயம் தங்கள் மகனைப் பற்றியது. மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. தங்கமான பிள்ளை. பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்கு வருவார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார், என்னைப் பார்த்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். சம்பந்தம் பேசி முடித்த அன்று, "எங்க பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாதுங்க" என்று தாங்கள் சொன்னீர்கள். நான் தீ விபத்துக் காப்பீட்டில் ஆய்வாளராகவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். எரிந்த வீட்டுக்குள் போய்ச் சாம்பலைக் கிளறி, எங்கே பற்றியது, யார் கைவேலை என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவான் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். அப்படிப்பட்ட நானே தங்கள் வார்த்தையை நம்பினேன். தாங்களும் தெரியாமல்தான் சொல்லியிருப்பீர்கள். தங்கள் மகன் சர்வர் ப்ராசசர் வாங்குகிறார். குடி, சீட்டு என்றால் எப்படிக் கண்டிப்பது என்று நாலு பேரைக் கேட்கலாம். இதற்கு யாரைப் போய்க் கேட்பது?

முதல் பொட்டலம் வந்த அன்று நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். என் மகள் பெயருக்கு வந்திருந்தது. பிரித்தால் உள்ளே பிஸ்கட் அளவில் இரண்டு தகடுகள். என்ன இது என்று கேட்டேன். மகளும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு மாப்பிள்ளை ஓர் அடி முன்னால் வந்து, "என்னோடதுதான் மாமா" என்றார். பெண்டாட்டி பெயரில் வரவழைக்கிற தந்திரத்தை அப்போதே கவனித்தேன். நொடித்துப்போன கடையைப் பெண்டாட்டி பெயருக்கு மாற்றிவிட்டுத் தீக்குச்சி கிழித்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். ஆனாலும் மாப்பிள்ளை அல்லவா, சிரித்துவைத்தேன். பெரிய நிறுவனங்களில் தனி அறை கட்டி, ஏசி போட்டு, ஓயாமல் ஓடவிட்டிருக்கும் கணினிக்குச் சர்வர் என்று பெயராம், அதன் மூளைதான் இந்தத் தகடாம், புது மாடல் வந்ததும் பழசையெல்லாம் மொத்தமாகக் கழற்றிச் சந்தையில் கொட்டிவிடுகிறார்களாம், ஒரு காலத்தில் ஸ்கூட்டர் வாங்கும் காசுக்கு விற்றது இன்றைக்கு ஒரு ஜோடி செருப்பு விலைக்கு இறங்கிவிட்டதாம். இதையெல்லாம் அவர் என் மகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். என் தொழிலில் நல்ல சரக்கு திடீரென்று விலை விழுந்தால் முதலில் கேட்கிற கேள்வி, நனைந்ததா, கருகியதா என்பதுதான். இரண்டு தகட்டையும் மூக்கருகே வைத்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. அதனால் என் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மூளை வாங்கினால் அதை வைக்க ஒரு பலகை வேண்டாமா? இரண்டு மூளையும் ஒன்றாக உட்காரும் பலகை வந்தது, அது எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு நான்கைச் சேர்த்து வைத்த அகலம். கடையில் விற்கிற எந்தக் கணினிப் பெட்டிக்குள்ளும் அது நுழையாதாம். மறுநாள் சமையலறையில் என் மனைவியின் தட்டு ஸ்டாண்டைக் காணோம். வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில் பார்த்தால் பின்னறையில், மேஜை மேல், தட்டு நிற்க வேண்டிய கம்பிகளுக்கு நடுவில் அந்தப் பலகை நிற்கிறது. தரையில் வைத்துத் தொலைத்திருந்தாலும் மனது ஆறியிருக்கும், குனிய முடியாதவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்துக்கு எடுத்துவைத்திருக்கிறார். பின்னறை எது என்று தாங்கள் அறிவீர்கள். குழந்தைக்கென்று நான் என் கையாலேயே வெளிர்ப் பச்சை அடித்துவைத்த அறை. தொட்டில் இப்போது வராந்தாவில், செருப்புகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

முதல்முதலாக ஓடவிட்டபோது ஒரு மூளைதான் வேலை செய்தது. மெமரி என்று குச்சி குச்சியாக ஒன்று செருக வேண்டுமாம், அதை இரண்டு மூளைக்கும் பாகப்பிரிவினை மாதிரி சரிசமமாகப் பிரித்துக் கொடுத்தால்தான் இரண்டாவது மூளை கண்ணைத் திறக்குமாம். ஒரு வழியாகப் பங்கு வைத்து ஸ்விட்சைப் போட்ட அதே நேரத்தில் என் மனைவி மிக்ஸியைப் போட்டுவிட்டாள். எங்கள் கட்டடம் பழையது, எங்கள் தளத்துக்கும் லிஃப்டுக்கும் ஒரே மெயின். பட்டென்று எல்லாம் நின்றது. லிஃப்டுக்குள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் இருந்தார், கூடவே அவர் வாங்கிவந்த புது மெத்தையும் இருந்தது. எதற்கெடுத்தாலும் சுற்றறிக்கை விடுவதால் அவருக்குச் சுற்றறிக்கை என்றே பெயர். இரண்டு தளத்துக்கு நடுவில், மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் மனிதர் மாட்டிக்கொண்டார். அவருக்குத் தைரியம் சொல்லலாமே என்று நான்தான் கதவிடுக்கில் வாயை வைத்து, பயப்படாதீர்கள், மாப்பிள்ளை இரண்டு மூளைக்கும் ஒன்றாக உயிர் கொடுத்ததால் வந்த வினை என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. அங்கிருந்தே காவலாளியைக் கூப்பிட்டு, "எழுதிக்கோப்பா" என்று ஆரம்பித்துவிட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட மூளையுள்ள எதையும் குடியிருப்போர் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று இப்போது கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. போகிற வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

சத்தத்தைப் பற்றி எப்படி எழுதுவது? அந்த மூளைகளைக் குளிர்விக்கக் கை அகலத்தில் ஃபேன்கள் இருக்கின்றன. ஆளில்லாத சர்வர் அறையில் கத்திப் பழகியவை, வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே அவற்றுக்குத் தெரியாது. கீழ்வீட்டு நர்ஸம்மா இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர். ஒருநாள் கலைந்த தலையோடு மேலே வந்து, மாவு மில் ஏதாவது வைத்திருக்கிறோமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். பிறகு சூடு. அந்த அறைக்குள் போய்வந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. என் மனைவியாவது என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தேன். மழை நாளில் அங்கே ஈரத்துணியைப் போட்டுப் பார்த்திருக்கிறாள், ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. அன்றைக்கே கட்சி மாறிவிட்டாள். தட்டு ஸ்டாண்ட் போன துக்கம்கூடத் தீர்ந்துவிட்டது.

எனக்குத் தூக்கம் போய்விட்டது, சம்பந்தி. "இதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று சொன்னவர்களின் வீட்டுச் சாம்பலைத்தான் வேலைக்காலம் முழுக்கக் கிளறியிருக்கிறேன். பின்னறை வாசலில் ஒரு வாளி மணல் வைத்திருக்கிறேன், உத்தரத்தில் புகை மணி மாட்டியிருக்கிறேன், சும்மா போவது போல அடிக்கடி போய் வயர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். மாப்பிள்ளையிடம் நேரில் சொல்லிவிடலாம்தான். வாயைத் திறந்தால், "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்பதற்கு மேல் வருவதில்லை. பெண்ணைக் கொடுத்தவன் குரலை உயர்த்த முடியுமா?

என் மகளைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. அவளுடைய வேலை தாங்கள் அறிந்ததுதான், இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி, உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி படமாக்கிக் கட்டடக்காரர்களுக்குக் கொடுப்பாள். மடிக்கணினியில் ஒரு படம் முடிய ஒரு பகல் முழுக்க ஆகும், அதற்குள் வேறு எதையும் தொட முடியாது. அந்தப் பாரத்தோடு இதுவும். மாப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்லம்மா என்றேன், சரிப்பா என்றாள். அன்றிலிருந்து அவர் வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் அந்த அனலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. மூளைக்கும் ஃபேனுக்கும் நடுவில் தடவுகிற சாம்பல் நிறப் பசை அவள் நகமெல்லாம் ஒட்டியிருக்கிறது, அவர் சிந்தியதை இவள் துடைக்கிறாள். ஸ்க்ரூ டிரைவர் அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. அவர் கைக்குக் கிடைக்காமல் ஒளித்துவைத்திருக்கிறாள், பாவம். கேட்டால் சிரிக்கிறாள். என் பெண் இவ்வளவு பொறுமைசாலி என்று எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

போன வாரம் இன்னும் இரண்டு மூளைகள் வந்துவிட்டன. விலை மறுபடியும் இறங்கிவிட்டதாம். முன்னே வாங்கியவை, இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் பாதி விலையில் கிடைத்திருக்குமே என்று ஒருநாள் முழுக்க வருத்தம், அந்த வருத்தம் தீர வாங்கியவைதான் இவை. ஆக மொத்தம் நான்கு. இதற்கும் ஒரு பலகை வரும், இதற்கும் ஒரு ஸ்டாண்ட் போகும். மூளை விலை இப்படியே விழுந்துகொண்டிருந்தால் என் பேரப்பிள்ளை எங்கே படுக்கும்? அறை நிறைய மூளை இருக்கிறது, தொட்டில் போட இடமில்லை. பிரசவத்துக்கு முன்னால் அந்த அறை காலியாக வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஆகவே தாங்கள் அடுத்த வாரமே ஒரு வண்டி பிடித்துக்கொண்டு வந்து, தகப்பனார் என்ற உரிமையில் நாலு வார்த்தை கண்டித்து, அந்த இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். குடைக் கடை மாடியில் எங்காவது போட்டுவையுங்கள், நனைந்த குடைகளாவது காயும். தாங்கள் வராவிட்டால் நானே அதைக் கழற்றித் தூக்கி எறிந்துவிடுவேன். அப்புறம் மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் தெரியவில்லை.

நான் எழுதியது மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கங்கள். தங்கள் வீட்டில் சிறியவர்களுக்கு என் ஆசிகள், அவர்கள் ஒரே மூளையோடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
மணல் வாளியோடு காவலிருக்கும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னறையில் சத்தம் நின்றுவிட்டது. நிற்காதா நிற்காதா என்று ஏங்கியவன், நின்றதும் பதறிப்போய் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தங்கள் மகன் ஒரு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மகள் மேஜையோடு வயிற்றை அணைத்தாற்போல் உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மெமரிப் பக்கம் வெளிச்சம் காட்டச் சொன்னாள். தங்கள் மகன், மெமரி எது என்று கேட்டார்.

வாங்கியது, பூட்டியது, வயர் கோத்தது, தட்டு ஸ்டாண்டைத் திருடியது எல்லாம் அவள்தான். தங்கள் மகனுக்கு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்றுகூடத் தெரியவில்லை. ஏம்மா இப்படி என்றேன். தலையைக்கூடத் தூக்காமல், "நான்னு சொல்லியிருந்தா அன்னிக்கே தூக்கி வெளிய வெச்சிருப்பீங்க. மாப்பிள்ளைகிட்ட உங்களால சத்தம் போட முடியாதுல்லப்பா" என்றாள். தங்கள் மகன் இத்தனை நாளும் எழுந்து எழுந்து நின்றது மரியாதைக்கு மட்டுமல்ல, என்னை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டும்தான். பிறகு அவள் சொன்னாள்: "குழந்தை வந்துட்டா அது தூங்கற நேரம்தான் என் நேரம். லேப்டாப்புல ஒரு பகல் ஓடற படம் இதுல அதுக்குள்ள முடியணும். இல்லைன்னா வேலையை விட்டுடணும்." வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்த வயர்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் வகை பிரித்து, இழுத்துக் கட்டி, மடிப்புக் கலையாமல் விட்டிருக்கிறாள். இவ்வளவு ஒழுங்கான வயரிங்கை என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை. இப்படிக் கட்டியிருந்தால் எத்தனையோ வீடுகள் எரிந்திருக்காது, எனக்கும் சம்பளம் கிடைத்திருக்காது.

தொட்டில் பின்னறைக்குப் போகிறது, இயந்திரம் என் அறைக்கு வருகிறது. யோசனை என்னுடையதுதான், பக்கத்திலேயே படுத்திருந்தால் புகை வந்தால் முதலில் எனக்குத் தெரியும். நர்ஸம்மாவுக்காகச் சத்தமில்லாத பெரிய ஃபேன்களுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆகவே மேலே தங்கள் மகன், மாப்பிள்ளை என்று வரும் இடங்களிலெல்லாம் என் மகள் என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். கோபமாக எழுதியிருக்கும் இடங்களைப் படிக்கவே வேண்டாம். தாங்கள் மட்டும் கட்டாயம் வாருங்கள், வண்டி வேண்டியதில்லை. வரும்போது தங்கள் கடைத்தெருவில் கழற்றிப்போட்ட அலுவலகச் சாமான் விற்பவரிடம் இதே ப்ராசசர் ஒரு ஜோடி கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்கிறாள். வாங்கும்முன் ஒரு தடவை மோந்து பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருப்பேன், நேரமில்லை. தங்கள் மகனுக்குக் கை வலிக்கிறதாம், டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிடுகிறாள்.