இடது கன்னத்துக்கு சோப்பு, வலது கன்னத்துக்கு கிரீம்

டப்பாவை அமுக்கினால் புஸ்ஸென்று பீறிடுகிற நுரையை இனி ஜென்மத்துக்கும் முகத்தில் பூசுவதில்லை என்று ஒரு காலையில் குழாய்க்கடைக்காரர் முடிவெடுத்தார். காற்றை டப்பாவில் அடைத்து விற்கிறான், அதைக் காசு கொடுத்து வாங்கிக் கன்னத்தில் தடவிக்கொள்ள நான் என்ன இளிச்சவாயனா என்பது அவர் கட்சி. ஆண்பிள்ளை என்றால் கெட்டி சோப்பு, பிரஷ், கிண்ணம். குழைத்து நுரை எழுப்பி நிதானமாக மழிக்க வேண்டும்.

நிதானம் என்பதற்கும் அவருக்கும் அதுவரை அறிமுகமே கிடையாது. வாஷர் கேட்டு வருகிறவனிடம்கூட எகிறி விழுந்துதான் பேசுவார். சைக்கிள் கேரியரில் குழாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்று, வசவு வாங்கி, வசவு கொடுத்து, தன் கையை ஊன்றி மேலே வந்த மனிதர்.

அன்று மாலையே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்குள் நுழைந்தார். டை கட்டிய விற்பனையாளர் கைகூப்பாத குறையாக வரவேற்றார்.

"சோப்பு பாக்கறீங்களா சார், கிரீமா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கிரீம் சட்டுனு நுரைக்கும். சோப்பு நேரம் எடுக்கும், ஆனா நுரை கெட்டியா நிக்கும். சோப்புலயே கொழுப்புல செஞ்சதும் இருக்கு, எண்ணெயில செஞ்சதும் இருக்கு. உங்க தோல் என்ன வகை சார்?"

"மனுசத் தோல்தான்."

"அதில்ல சார். வறண்ட தோலா, எண்ணெய்ப்பசையா, இல்ல லேசுல எரியிற தோலா?"

"வெலயச் சொல்லு. எரியுதா இல்லையான்னு சொல்றேன்."

விலை எரியத்தான் செய்தது. பாதிக்குக் கேட்டார். ஒட்டியிருக்கிற விலைதான், குறைப்பதற்கில்லை என்றார் விற்பனையாளர். குழாய்க்கடைக்காரர் விறுவிறுவென்று வாசல்வரை போனார். யாரும் கூப்பிடவில்லை. செருப்பைச் சரிசெய்வது போல் கொஞ்சம் நின்று பார்த்தார். அப்போதும் கூப்பிடவில்லை. வாசல்வரை போகிறவனைக் கூப்பிட வேண்டும் என்கிற வியாபார நாகரிகம் தெரியாதவனெல்லாம் கடை வைத்திருக்கிறான். வேறு வழியில்லாமல் தானாகத் திரும்பி வந்து, கேட்ட விலையை எறிந்துவிட்டு, மரக்கிண்ணத்தில் உட்கார்ந்திருந்த சந்தன சோப்பையும் ஒரு பிரஷ்ஷையும் வாங்கி வந்தார்.

வந்தது வினை. அந்த வீட்டில் பாத்ரூம் ஒன்றே ஒன்று. மனைவிக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை. சாவி அவளிடம். டாக்டர் வருவதற்குள் போய்த் திறந்தாக வேண்டும். டப்பா நுரைக் காலத்தில் அவர் பாத்ரூமுக்குள் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. இப்போதோ காலையில் முதல் ஆளாக நுழைந்து தாழ் போட்டால் போட்டதுதான்.

"என்னங்க, உள்ள உயிரோட இருக்கீங்களா?"

"நுரை இன்னும் எழும்பல."

"எனக்கு பஸ் போயிடும்."

"கெட்டி சோப்புன்னா அப்படித்தான். அதுக்கு ஒரு மரியாதை குடுக்கணும்."

"சோப்புக்கு மரியாதை குடுங்க. எனக்கு ரெண்டு வாளி தண்ணியக் குடுங்க. சமையக்கட்டுலயே குளிச்சுத் தொலைக்கிறேன்."

அன்று பஸ் போய்விட்டது. மறுநாளும் போய்விட்டது. பூட்டிய கிளினிக் வாசலில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நோயாளிகள் நடுவே டாக்டரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாராம். இன்னொரு தடவை இப்படி ஆனால் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

"எனக்கு வேலை போயிடும்போல இருக்கு. இனிமே காலையில பாத்ரூம் முதல்ல எனக்கு விடுங்க. நீங்க கடை தெறக்க எவ்வளவோ நேரம் கெடக்கு."

"அதெப்படி? எந்திரிச்ச உடனே ஷேவ் பண்ணினாத்தான் தோல் ஒத்துழைக்கும்."

"உங்க தோல் ஒத்துழைக்குது. நீங்கதான் ஒத்துழைக்க மாட்டேங்கறீங்க."

அவர் கத்தினார். அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

சனிக்கிழமை சாயங்காலம் சின்ன கண்ணாடி ஜாடி ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். உள்ளே வெள்ளையாக, வழவழவென்று ஏதோ இருந்தது.

"இது கிரீம். உங்க சோப்புக்கு இது ஒரு துளிகூடக் குறைச்சல் இல்ல. நாளைக்கு இடது கன்னத்துல சோப்பு, வலது கன்னத்துல கிரீம் போட்டுப் பாருங்க. கிரீம் ஜெயிச்சா பாத்ரூம் முதல்ல எனக்கு."

ஜாடியைத் திறந்து மோந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"சந்தனமா இது? செத்துப்போன சந்தனம். என் சோப்பு வாசனைக்குக் கிட்ட நிக்குமா?"

"நிக்காதுங்க."

"தொட்டாலே தெரியுது, மட்டமான சரக்கு. உன் தலையில கட்டிட்டான் எவனோ."

"பூசிப் பாத்துட்டுத் திட்டுங்க. ஒரு வாரத்துக்கு மட்டும் பந்தயம் வச்சுக்கலாம்."

பந்தயம், பேரம் என்றால் அவருக்கு உடம்பில் தனி ரத்தம் ஓடும்.

"வாரக்கணக்கெல்லாம் சில்லறை வியாபாரம். மொத்தமாப் பேசு. ஆயுசுக்கும்."

"சரிங்க."

"ரெண்டும் சமமா வந்தா நான் ஜெயிச்ச கணக்கு."

"அது எந்த ஊரு நியாயம்?"

"தாடி என்னோடதாச்சே."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, போகட்டும்" என்றாள்.

"தீர்ப்பு சொல்ல உன் தம்பி வரக்கூடாது."

"கீழ்வீட்டுத் தையல்காரர் சொல்லட்டும்."

கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவியே கலப்படம் சொல்கிற ஆள் அந்தத் தையல்காரர். அதனால் சம்மதித்தார். கேட்டதெல்லாம் கிடைத்துவிடுகிற பேரத்தில் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்று கடையில் உட்கார்ந்திருந்தால் அவருக்குத் தோன்றியிருக்கும். வீட்டில் உட்கார்ந்திருந்ததால், தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை பாத்ரூம் வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

"நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். நீங்க நியாயமாத்தான் செய்வீங்க."

தாழ் போட்டதும் நியாயம் வெளியே நின்றுவிட்டது. இடது கன்னத்துக்கு வெந்நீரில் நனைத்த துண்டால் ஒத்தடம் கொடுத்தார். சோப்பு நுரையை மலைபோல் எழுப்பினார். மேலிருந்து கீழே மழித்தார். குறுக்கே மழித்தார். கீழிருந்து மேலே மழித்தார். தடவிப் பார்த்தார். கண்ணாடிபோல் இருந்தது. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி நுரை போட்டு, துருப்பிடித்த குழாயைச் சுரண்டுவது போல் எதிர்ப்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தார். வலது கன்னத்துக்கு ஒத்தடமும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை. கிரீமை விரலால் அப்பி, பிளேடை ஒரே ஒரு தடவை மேலாக ஓட்டிவிட்டு நிறுத்தினார். அங்கங்கே முடி நின்றது. நிற்கட்டும்.

கழுத்தில் டேப்போடு தையல்காரர் வந்து சேர்ந்தார்.

"கண்ண மூடிட்டுத் தடவுய்யா, சீக்கிரம்."

"இருங்க, அண்ணன் முதல்ல டீ குடிக்கட்டும்" என்றாள் மனைவி.

தையல்காரர் டீ குடிப்பது பட்டன் தைப்பது போல. ஊதி, உறிஞ்சி, டம்ளரைப் பார்த்து, மறுபடி ஊதி. அதற்குள் இடது கன்னம் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. முதலில் குறுகுறுவென்றது. பிறகு சுட்டது. பிறகு செங்கல் நிறமாகி, புள்ளி புள்ளியாக ரத்தம் எட்டிப் பார்த்தது. குழாய்க்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

டீ முடிந்து தையல்காரர் கண்ணை மூடினார். வலது கன்னத்தைத் தடவினார்.

"கொஞ்சம் பிசிர் இருக்கு. ஆனா துணி நல்ல துணி."

இடது கன்னத்தில் விரல் பட்டதுதான் தாமதம், குழாய்க்கடைக்காரர் நாற்காலியைவிட்டு எகிறினார்.

"அண்ணே, இது நைஞ்சுபோன துணி. ஒட்டுப்போடக்கூட ஆகாது. வலதுதான் ஜெயிச்சுது."

"சரியாத் தொட்டுப் பாருய்யா."

"தொடறேன். நீங்க மொதல்ல உக்காருங்க."

அவரால் உட்கார முடியவில்லை.

திங்கள் காலை பாத்ரூமுக்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தம். வெளியே, கன்னத்தில் களிம்பும் தோளில் துண்டுமாகக் குழாய்க்கடைக்காரர் நின்றிருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினார்.

"அந்த கிரீம் எந்தக் கடையில வாங்கின? நானும் அந்த எழவையே வாங்கிக்கறேன். வெலய நான் பேசிக்கறேன்."

"கடையில எங்க வாங்கினேன்? உங்க சோப்பைத்தான் கிண்ணத்துலேருந்து எடுத்து, அடியில கொஞ்சம் சுரண்டி வெந்நீர்ல குழைச்சு வச்சேன்."

களிம்பு பூசிய கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப ரெண்டு கன்னத்துலயும் ஒரே சோப்பா?"

"ஆமாங்க. ஒழுங்கா ஷேவ் பண்ணியிருந்தா ரெண்டும் சமமா வந்து, நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க."