நின்ற கடை

"உங்க கடை விழலையே சார்," என்றார் மறுசீரமைப்பு அலுவலகக் குமாஸ்தா.

தையல்காரருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நிலநடுக்கத்தில் நகரத்துக் கடைவீதி மொத்தமும் தரைமட்டமாகிவிட்டது. நடுவில் அவர் கடை மட்டும் நின்றது. மூன்று மாதமாக, அறுந்த பொத்தானைத் தைத்துக்கொள்ளக்கூட அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. கடை விழுந்தவர்களுக்கு மட்டும் புதுக் கட்டடத்தில் இடமாம்!

"ஒழுங்காக் கட்டினது என் தப்பா? சுவர்ல விரிசல் இருக்குய்யா!"

"விரிசல் பத்தாது. கூரை போயிருக்கணும்."

வீட்டுக்குப் போய்ச் சுத்தியலைத் தேடினார்.

"கூரையைப் பிரிச்சுட்டு மெஷினை எங்க வைப்பீங்க?" என்றாள் மனைவி.

"உன் தலையில!"

மறுநாள் கூரை இறங்கியது. எதிரே மூன்று மாதமாகச் சும்மா நிற்கும் புல்டோசரில் உட்கார்ந்து டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"பார்த்துண்ணே, கால்ல விழுந்துடப் போகுது."

"உன் வேலையைப் பாருடா!"

குமாஸ்தா வந்து பார்த்தார். "நாலு சுவரும் நிக்குதே? இது பாதிச் சேதம்தான்."

பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்களை இடித்தார். அவரே கூட நின்று பார்த்துக் கட்டிய சுவர். லேசில் விழவில்லை. ஒவ்வொரு அடிக்கும் குமாஸ்தாவின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். இரண்டு நாளில் உள்ளங்கை கிழிந்தது, கடை மண்மேடானது.

"இப்ப முழுச் சேதம்," என்றார் மறுபடி பார்க்க வந்த குமாஸ்தா. "ஆனா, இங்க கடை இருந்ததுன்னு நான் எப்படி நம்புறது?"

"யோவ்! கடை நிக்குதுன்னு சொல்லித்தானேய்யா என்னைத் துரத்தினே!"

"கோபப்படாதீங்க. 'நானே என் கடையை இடிச்சேன்'னு ஒரு கையெழுத்துப் போடுங்க. கடை இருந்ததுன்னு ஆயிடும்."

காகிதம் கிழிகிற அழுத்தத்தில் கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா முதல் முறையாகச் சிரித்தார்.

தையல்காரர் வீட்டுக்குப் போய்க் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது புல்டோசர் உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய செங்கல்களைத் தள்ளியபடி மண்மேட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"டேய், நிறுத்துடா! என் இடத்துல என்னடா பண்றே?"

"ரோடு போடறோம்ணே," என்றான் டிரைவர். "நிக்கிற கடையைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு. உங்க கடை ஒண்ணாலதான் மூணு மாசமா வேலை கிடப்புல கிடந்துச்சு. குமாஸ்தா சார்தான், 'அவசரப்படாதே, அவரே இடிச்சுக் குடுத்துடுவாரு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."