விசாரித்த ராஜா

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா இருந்தார் என்று ஆரம்பித்தால், எந்தக் காட்டில்தான் இல்லை என்று கேட்பீர்கள். இவர் வேதத்தின் மேல் கைவைத்துப் பட்டம் ஏறியவர். பெயரே நீதிராஜ். அப்புறம் என்ன குறை?

பைபிள் வேதப்படி ராஜாவானவர் நியாயப்பிரமாணம் என்ற சட்டநூலைத் தன் கையாலேயே ஒரு பிரதி எழுதி, தினமும் வாசிக்க வேண்டும். இவர் ஜெராக்ஸ் எடுத்தார். அதை லேமினேட் பண்ணிச் சிம்மாசனத்துக்கு மேலே, கழுத்தை ஒடித்தாலும் வாசிக்க முடியாத உயரத்தில் மாட்டினார். பட்டம் சூட்டிய கொக்குப் போதகர், "விதவையின் வழக்கை விசாரிப்பேன்" என்று உறுதிமொழி சொல்லச் சொன்னார். ராஜா கண் கலங்கச் சொன்னார். காடே உருகிப்போனது.

அந்தக் காட்டில் ஞானப்பூ என்று ஒரு விதவை முயல். செத்துப்போன புருஷன் தோண்டிவைத்த வளைதான் அவளுக்கும் அவளுடைய நோஞ்சான் குட்டிக்கும் ஒரே இருப்பிடம். அடைமழைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, குட்டியோடு மேய்ந்துவிட்டுத் திரும்பினால், வளைக்குள் மாசிலாமணி என்ற உடும்பு கால்நீட்டிப் படுத்திருக்கிறார். பட்டாபிஷேகத்துக்குப் பந்தல் போட்டவர் அவர். போகச் சொன்னால் போவாரா?

ஞானப்பூ டோக்கன் வாங்கி, மனு எழுதி, அரண்மனை வரிசையில் நின்றாள். விதவை மனுவில் புருஷன் கையெழுத்து இல்லை என்று நரி குமாஸ்தா இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவை உள்ளே விட்டார்கள்.

ராஜா சிம்மாசனத்தை விட்டே இறங்கி வந்தார். "என்னம்மா, நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? குட்டி ஏன் இப்படி இளைச்சுப்போச்சு?"

வளை போன கதையை அவள் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். நரி பதிவேட்டில் 'விசாரிக்கப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்தினார். ராஜாவே விசாரித்திருக்கிறார், கொடுத்துவைத்தவள் என்று வரிசையில் நின்ற மான்கள் பொறாமைப்பட்டன. அந்த மான்களை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வாரம் அவள் மறுபடி போய், என்னை விசாரித்தது போதும், அந்த உடும்பை விசாரியுங்கள் என்றாள். ராஜா உடனே பரிவாரத்தோடு வளைக்கே கிளம்பினார். குரங்கு செல்போனில் வீடியோ எடுத்தது.

"மாசிலாமணி, சௌக்கியமா? வளை வசதியா இருக்கா?" என்று விசாரித்தார். கொஞ்சம் இடநெருக்கடி என்று உடும்பு இழுத்தார். மறுநாளே காவலர்கள் வந்து வளையை அகலப்படுத்திக் கொடுத்தார்கள்.

ஞானப்பூ போதகரிடம் ஓடினாள். நீங்கள் சொல்லவைத்த உறுதிமொழிக்கு இதுதானா அர்த்தம் என்று கேட்டாள். கொக்கு ஒற்றைக் காலை மாற்றி வைத்துக்கொண்டார்.

"விசாரிக்கிறதுன்னா நியாயம் தீர்க்கிறதுன்னு எனக்குத் தெரியாதாம்மா? ஆனா நான் மீன் பிடிக்கிற குளம் ராஜாவோடது."

உண்மையைத்தான் சொன்னார். அதற்காக அவரைப் பாராட்டவா முடியும்?

மழை பிடித்தது. வளைக்கு எதிரே இருந்த முள்புதருக்குக் கீழே அவள் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரண்டு நாள் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் குட்டி விறைத்துப்போயிருந்தது.

துக்கம் விசாரிக்க ராஜாவே நேரில் வந்தார். அவர் நனையாமல் ஒரு கரடி குடை பிடித்தது.

"எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

ஞானப்பூ அழவில்லை. "நீங்க விசாரிச்சு விசாரிச்சுத்தான் ஆச்சு, ராஜா" என்றாள்.

ராஜா நெகிழ்ந்துபோய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். நன்றி சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. நரி மழையில் பதிவேடு நனையாமல் மூடிக்கொண்டே எழுதினார்: 'மும்முறை விசாரிக்கப்பட்டது. வழக்கு முடிந்தது.' மாசிலாமணி வளைவாசலில் தலையை நீட்டி, வெளியே ரொம்ப ஈரமா என்று கேட்டார்.

நீதி: ஊரில் இல்லை. வந்தால், ராஜா ரொம்ப விசாரித்ததாகச் சொல்லிவிடுங்கள்.