நீர்யானை போட்ட கையெழுத்து

ஜுபைல்,
கேம்ப் நான்கு, அறை 212,
வெள்ளிக்கிழமை, துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு.

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை பாலகுரு அவர்களுக்கு, உங்கள் மனைவி சங்கீதாவின் ஒரே அண்ணனும், உங்கள் மகள் தாரிணிக்கு வாய்த்த ஒரே தாய்மாமனுமாகிய வீரபாண்டி தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் அறையில் உள்ள மற்ற ஐந்து பேரும் சுகம், ஏசி மட்டும் சுகமில்லை. அங்கே நீங்கள், சங்கீதா, தாரிணி, சினையாக இருந்த செவலை மாடு எல்லோரும் சுகமா என்று கேட்க ஆசை. நீங்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டபடியால் போனில் கேட்க வேண்டியதைப் பேனாவில் கேட்கும்படி ஆகிவிட்டது. நம் பக்கத்துத் தெரு கௌஸ் முகம்மது அண்ணன் நாளை லீவில் ஊருக்குக் கிளம்புகிறார். அவரிடம் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்து அனுப்புகிறேன். அதில் பால்பவுடருக்கும் தைல பாட்டிலுக்கும் நடுவில் இந்தக் கடிதம் இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இதுவரை பதினோரு தடவை கேட்டுவிட்டேன். “மச்சான், உங்க வண்டவாளமெல்லாம் தண்டவாளம் ஏறிடுச்சு. எல்லாம் தெரிஞ்சு போச்சு. இனிமே எங்க வீட்டு வாசப்படிய மிதிக்காதீங்க. வர்ற இருபத்தேழாந் தேதி எம்புள்ளய ரெங்கராஜ் மடியில உக்கார வச்சுக் காது குத்திக்கிறோம்.” மாப்பிள்ளை, என்னைத் திட்டுங்கள், அடிக்கவும் அடியுங்கள், கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை. ஆனால் ரெங்கராஜா? அவன் எங்கள் சித்தப்பா மகன்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அவனுக்கு வயிறு இருக்கிறதே தவிர மடி எங்கே இருக்கிறது? பிள்ளையை உட்கார வைத்தால் சறுக்கிக்கொண்டு தரைக்குத்தான் வரும். ஆசாரி ஊசியை எங்கே குத்துவார்?

எல்லாம் தெரிந்துவிட்டது என்று நீங்களே சொன்ன பிறகு மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை இத்தோடு விட்டுவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் தாரிணிக்குக் காது குத்த நீங்கள் நாள் குறித்தபோது, பிளாண்ட் ஷட்டவுன், எல்லாவற்றையும் நிறுத்தி இரவு பகலாக மராமத்து, யாருக்கும் லீவு கிடையாது என்று நான் சொன்னேன் அல்லவா, நீங்களும் தாய்மாமன் இல்லாமல் காதுகுத்தா என்று பத்திரிகை அடித்த பிறகும் தேதியைத் தள்ளி வைத்தீர்கள் அல்லவா, அது பொய். அந்த வாரம் பிளாண்ட் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் ஜுபைலில் இல்லை. ஆப்பிரிக்காவில், உகாண்டா தேசத்தில், காசிங்கா என்ற கால்வாயில், நீர்யானை பார்க்கும் படகில் இருந்தேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் கிளம்பவில்லை. நான் சாரம் கட்டும் ஆட்களுக்கு போர்மேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆயிரம் நாள் என் ஆட்களில் ஒருவனுக்குக்கூட விரல் நசுங்கவில்லை என்று கம்பெனியில் சேஃப்டி அவார்டு கொடுத்தார்கள். கேக் கொடுப்பார்கள், மிஞ்சினால் ஒரு ஃபிளாஸ்க் கொடுப்பார்கள் என்று நினைத்துப் போனால், சேஃப்டி மேனேஜர் அம்மார் மேடையில் என்னைக் கட்டிப்பிடித்து ஆப்பிரிக்காவில் படகுப் பயணம் என்றார். தேதியைப் பார்த்தால் அதே காதுகுத்துத் தேதி. உடனே அவர் ஆபீசுக்கு ஓடிப் போய், ஆப்பிரிக்கா வேண்டாம் சார், அதற்குப் பதில் ஊருக்கு அனுப்புங்கள், என் தங்கை மகளுக்குக் காது குத்த வேண்டும் என்றேன். அவர் கவலையோடு எழுந்து நின்று, “இயர்? உங்க ஊர்ல டாக்டர் மாஃபி?” என்று, டாக்டர் இல்லையா என்பதை அரபு கலந்து கேட்டார். டாக்டர் இருக்கிறார் சார், குத்துவது ஆசாரி, என் மடி மட்டும்தான் வேண்டும் என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து மடியைத் தட்டியும் காட்டினேன். அவர் என் மடியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கலாஸ், யூ நீட் ரெஸ்ட்” என்று பேச்சை முடித்து ஆப்பிரிக்கா டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். இந்த நாட்டை விட்டுப் போய்த் திரும்புவதற்கான எக்ஸிட் ரீ-என்ட்ரி விசாவும் அன்றைக்கே அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த எக்ஸிட் ரீ-என்ட்ரியை வைத்துக்கொண்டு, சொந்தமாக டிக்கெட் எடுத்து ஊருக்கு வந்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. உள்ளதைச் சொல்கிறேன் மாப்பிள்ளை, போக ஆசையாக இருந்தது. பதினாறு வருஷமாக விமானம் ஏறுகிறேன். ஒன்று வேலைக்குப் போக ஏறுவேன், இல்லாவிட்டால் கல்யாணம், கருமாதிக்கு ஏறுவேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு தடவைகூட ஏறியதில்லை. அந்த ஒரு தடவை சபலம் தட்டிவிட்டது.

தப்புக்குத் தண்டனை தம்மாம் ஏர்போர்ட்டுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதில் எனக்கு நிஜமாகவே இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. உகாண்டாவில் இறங்கிய பிறகு வேனில் எட்டு மணி நேரம். என்னோடு வந்தவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள், கழுத்தில் ஆளுக்கொரு பைனாகுலர் தொங்கியது, எனக்குக் கம்பெனி ஐடி கார்டு தொங்கியது. உடுத்துவதற்கு நல்லது என்று என்னிடம் இருந்தது அவார்டு வாங்கின அன்று கொடுத்த, சட்டையும் பேண்ட்டும் ஒன்றாகத் தைத்த புது வெள்ளை கவரால்தான். அதன்மேல் பழக்க தோஷத்தில் பளபளக்கும் பச்சை வெஸ்ட்டையும் மாட்டி, ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும் போட்டுக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். என் முன்னால் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். எதற்கு என்று பார்த்தால், என்னைப் படகுக்காரன் என்று நினைத்து டிக்கெட்டை நீட்டுகிறார்கள். வாங்கிக் கிழித்துக் கொடுத்துவிட்டேன், வேறு என்ன செய்வது? அதோடு விட்டார்களா? ஒரு ஜெர்மன் பாட்டியம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கரையில் நின்ற ஒவ்வொரு பறவையையும் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தது கொக்கு. கொக்கு என்றேன். அதை விடக் கொஞ்சம் பெரியதைக் காட்டினாள், பெரிய கொக்கு என்றேன். அவள் பக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டாள். இன்றைக்கு ஜெர்மனியில் பதினான்கு வகைக் கொக்கு இருப்பதற்கு நான்தான் பொறுப்பு.

படகு மெல்லப் போனது. கரையெல்லாம் எருமை, அதன் முதுகில் சின்னக் கொக்கு, மணலில் வாயைப் பிளந்துகொண்டு முதலை. தண்ணீரில் நம் ஊர் அம்மிக்கல்லைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி வரிசையாக நீர்யானை, எண்ணினால் நாற்பத்திரண்டு. எல்லோரும் வாயைப் பிளந்து ரசித்தார்கள். எனக்குத்தான் ரசனை வரவில்லை. ஆயிரம் நாள் பழக்கம், கண் தானாகக் குற்றம் தேடுகிறது. பாட்டியம்மா லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி முதுகுக்குத் தலையணையாக வைத்திருக்கிறாள். படியில் ஒருவன் கம்பியைப் பிடிக்காமல் போனில் வீடியோ எடுக்கிறான். ஆபத்து என்றால் எல்லோரும் கூடுவதற்கு அசெம்பிளி பாயிண்ட் எங்கே என்று பார்த்தால், முதலை படுத்திருக்கிற மணல்தான் இருக்கிறது. படகோட்டி மோசஸ் நல்ல மனுஷன், நல்லாப் பார்க்கட்டும் என்று நீர்யானைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவ்வளவுதான், என் கை என்னைக் கேட்காமலே பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

எங்கள் பிளாண்டில் ஒவ்வொருவனிடமும் சிவப்பு அட்டை ஒன்று இருக்கும். ஆபத்தான வேலையைப் பார்த்தால் அதைத் தூக்கிக் காட்டி ஸ்டாப் ஒர்க் என்று சொன்னால் போதும், மேனேஜரே ஆனாலும் வேலையை நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. நான் எழுந்து நின்று அட்டையைத் தூக்கிப் பிடித்து, “ஸ்டாப் ஒர்க்! எல்லாரும் உக்காருங்க! கையக் கால வெளிய நீட்டாதீங்க!” என்று கத்தினேன். பாவம் மோசஸ், ஹெல்மெட்டையும் சிவப்பு அட்டையையும் பார்த்து அரசாங்க அதிகாரி என்று நினைத்துவிட்டார் போல, எஞ்சினையே அணைத்துவிட்டார். எஞ்சின் நின்றால் படகு நிற்குமா? தண்ணீர் இழுத்த இழுப்பில் மெதுவாகப் போய் நாற்பத்திரண்டுக்கும் நட்ட நடுவில் நின்றது.

சத்தமே இல்லை. சுற்றிலும் காதுகள் மட்டும் தண்ணீருக்கு மேலே ஆடுகின்றன. மோசஸ் மெல்லிய குரலில், எஞ்சினைப் போடட்டுமா சார் என்று இங்கிலீஷில் கேட்டார். நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? பழக்கம் விடவில்லையே! நிறுத்தின வேலையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்றால் எங்கள் சட்டப்படி அந்த இடத்துப் பொறுப்பாளர் பர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டும். “ஹூ இஸ் ஏரியா ஓனர்?” என்று கேட்டேன். மோசஸ் என் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். நம் மினிபஸ் அளவுக்கு ஒரு கிடா நீர்யானை, கரையோரம் எழுந்து நின்று, எங்களுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை, அந்த ஜென்மம் சாணி போடும்போது வாலை ஃபேன் மாதிரி சுழற்றும், இது என் இடம் என்று நாலு பக்கமும் தெளிப்பதற்காக என்று மோசஸ் பிற்பாடு சொன்னார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பேன். நின்றுகொண்டிருந்தது நான் ஒருவன்தான். வெள்ளை கவராலில் கழுத்து முதல் ஷூ வரை ஏரியா ஓனர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மோசஸ் எஞ்சினைப் போட்டார். படியில் இருந்தவன் உட்கார்ந்தபடியே முதலிலிருந்து கடைசி வரை வீடியோ எடுத்தான்.

அந்த வீடியோதான் எங்கெங்கோ சுற்றி உங்கள் போனுக்கும் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஊரே பார்த்துச் சிரித்திருக்கும், சிரிக்கட்டும். ஆனால் வீடியோவில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எஞ்சின் நின்ற அந்த நேரத்தில் படகுக்குப் பக்கத்தில் ஒரு தாய் நீர்யானை கிடந்தது. அதன் முதுகில் குட்டி ஏறி, இரண்டு காதையும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தக் காதைப் பார்த்ததும் எனக்குத் தாரிணியின் காது ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் மாப்பிள்ளை, நீங்கள் முதலில் குறித்த காதுகுத்து நாள். தாரிணி மொட்டைத் தலையில் சந்தனம் பூசி என் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம். எந்தப் பிள்ளையின் காதையோ பார்த்துக்கொண்டு இங்கே நிற்கிறோமே, நாமெல்லாம் ஒரு மாமனா என்று அழுகை வந்தது. அழுவதற்குள் சாணி வந்துவிட்டது.

ஆகையால் மாப்பிள்ளை, நான் செய்தது தப்பு, உங்களிடம் பொய் சொன்னது அதைவிடத் தப்பு. என் மனைவி நாகவள்ளியும் ஷட்டவுன் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறாள், அவளிடம் நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்லிக் காப்பாற்ற வேண்டும். இருபதாம் தேதியிலிருந்து லீவு கிடைத்துவிட்டது. கம்மல், பட்டுப் பாவாடை, சீர்த்தட்டு எல்லாவற்றோடும் வருகிறேன். வாசலில் நிற்க வையுங்கள், சோறு போடாதீர்கள், ஆனால் அந்தக் கால் மணி நேரம் பிள்ளையை என் மடியில் கொடுத்துவிடுங்கள். அவள் அழும்போது பிடித்துக்கொள்கிற கை என் கையாக இருக்கட்டும். எல்லைக் காவல் அய்யனார் உங்கள் கோபத்தைக் குறைத்து, செவலை மாட்டுக்குக் கிடாரிக் கன்று கொடுத்து, என் மடியையும் காப்பாற்றட்டும். பெரியவர்களுக்கு என் கும்பிடு, தாரிணிக்கு முத்தம், ரெங்கராஜுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்பை எதிர்பார்த்திருக்கும் மச்சான்,
வீரபாண்டி

பி.கு. (அட்டைப்பெட்டியின் மேல்பக்கம், கறுப்பு மார்க்கரில்)

மாப்பிள்ளை, பெட்டிக்குள் இருக்கும் கடிதத்தைப் படிக்க வேண்டாம். இப்போதுதான் சங்கீதா பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டாள். உங்களுக்கு நான் அனுப்பிய வாட்ச் டூப்ளிகேட் என்று பஸ் ஸ்டாண்டு கடைக்காரன் சொன்னதற்குத்தான் இவ்வளவு கோபமாம், வீடியோ கீடியோ எதுவும் ஊருக்கு வரவில்லையாம். வாட்ச் டூப்ளிகேட்தான், ஒப்புக்கொள்கிறேன், மன்னிக்கவும். ஒரிஜினலைக் கௌஸ் அண்ணன் கையில் கட்டியிருக்கிறார், கழற்றி வாங்கிக்கொள்ளவும். கடிதத்தை எடுத்துவிடலாம் என்றால் அண்ணன், “மூணு ரோல் டேப்பு சுத்திக் கயிறும் கட்டியாச்சு தம்பி, இனிமே பிரிக்க முடியாது” என்று சொல்லிவிட்டார். உள்ளே எழுதியிருப்பது கேம்ப் கலைவிழாவுக்காக நான் எழுதிய கற்பனைக் கதை. ஷட்டவுன் உண்மை. நாகவள்ளி வந்தால் பெட்டியைக் கவிழ்த்து வைக்கவும். தாரிணிக்கு ஒரு மர நீர்யானை வைத்திருக்கிறேன், ஜுபைல் மார்க்கெட்டில் வாங்கியது. அதன் வயிற்றில் உகாண்டா என்று செதுக்கியிருக்கும், அது கடைக்காரர் பெயர்.